பழைய பெற்றோல் தாங்கிக்குள்ளை கறள்: எடுக்கிறது எப்பிடி, திரும்ப வராமல் வைக்கிறது எப்பிடி?

வட்டக்கச்சிப் பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின்ரை ஹொண்டா சிடி 200 மோட்டார்ச் சைக்கிள் ஒண்டு 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் கொட்டிலுக்கை விட்டது, விட்டபடி நிண்டுட்டுது. விடேக்கை தாங்கிக்குள்ளை ஒரு லீற்றர்கூட இருந்திருக்காது. இப்ப திருப்பி ஓட்டுவம் எண்டு மூடியைக் கழட்டி ரோச் அடிச்சுப் பாத்தன். சுவர் முழுக்கச் செங்கறள். அடியிலை கறுப்பும் மண்ணிறமுமாப் பிசின் ஒட்டிக் கிடக்கு, மூக்கைச் சுளிக்கிற புளிச்ச மணம். காபிரேற்றரைக் கழட்டிக் கழுவிப் பூட்டினால் கொஞ்சத் தூரம் ஓடுது, பிறகு நிண்டுபோகுது. ஜெற்றுக்குள்ளை (காபிரேற்றரிலை பெற்றோல் வாற சின்னத் துளை) சிவப்புத் தூள்.

புதுத் தாங்கி எங்கையும் கிடைக்கேல்லை. கிடைக்கிற பழசுகளும் இதே கோலம்தான். கனபேர் கனவிதமாச் சொல்லுகினம். உப்பு, தேசிக்காய், அசிட், கல்லுப் போட்டுக் குலுக்கிறது... இதிலை எது சரி? எடுத்தாப்பிறகு திரும்பக் கறள் பிடிக்காமல் என்ன செய்யலாம்? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

கனகராயன்குளத்தான்

தம்பி, உதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? கக்கூஸ் கழுவிற அசிட் ஒரு போத்தல் வாங்கி ஊத்திப்போட்டு அரை மணித்தியாலத்தாலை கவிழ்த்து விடும். வெள்ளி மாதிரி மினுங்கும்.

மாங்குளம் மெக்கானிக்

அண்ணை, மினுங்கும். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அடுத்தநாள் விடிய வந்து பாருங்கோ, முந்தியைவிட மோசமாச் செம்மஞ்சளாய் நிக்கும். கராச்சுக்கு வாற தாங்கியளிலை பாதி இப்பிடி அசிட் ஊத்திக் கெட்டதுகள்தான். கறள் எடுத்த கையோடை தகட்டையும் தின்னும். ஏற்கெனவே மெல்லிசாப் போன இடம் ஓட்டையாகும். அதோடை அந்த அசிட்டின்ரை புகை சுத்திவர இருக்கிற சாவி, போறிங், சங்கிலி எல்லாத்தையும் கறளாக்கும். மூடின அறைக்கை செய்தால் நெஞ்சுக்கும் கூடாது.

பொடியன், நீர் முதல்லை கறளை விடும். உமக்கு இருக்கிறது ரெண்டு வியாதி. புளிச்ச மணமும் பிசினும் பழைய பெற்றோல் கெட்டு வந்தது. கறள் தண்ணியாலை வந்தது. பிசின் மேலை மூடிக்கிடக்கேக்கை எந்த அசிட் ஊத்தினாலும் அடியிலை இருக்கிற கறளைத் தொடாது. முதலிலை பிசின், பிறகுதான் கறள். இந்த ஒழுங்கை மாத்திப்போட்டுத்தான் ஆக்கள் மருந்து சரியில்லை எண்டு குறை சொல்லுறது.

பிசின் எடுக்க: பெற்றோல் கொக் (தாங்கிக்கு அடியிலை பெற்றோலைத் திறந்து பூட்டுற குழாய்), மிதவை, மூடி எல்லாத்தையும் கழட்டி வையும். கொக் பித்தளையோ கலப்புலோகமோ, அசிட்டும் சோடாவும் அதைக் கெடுக்கும், உள்ளுக்கிருக்கிற றபர் வாசர்களும் போகும். கொக் ஓட்டைக்கு ஒரு தகட்டை வெட்டி றபர் வைச்சு அடையும். பிறகு தின்னர் இல்லாட்டி அசிற்றோன் அரை லீற்றர் விட்டு, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி வைச்சு ஊற விடும். வெளியிலை பெயின்றிலை ஒரு துளியும் படக்கூடாது. வெறும் வெளியிலை, நெருப்பு, சிகரட், கறண்ட் ஒண்டும் கிட்ட இல்லாமல். வடிச்சாப்பிறகு சுடுதண்ணியும் சட்டி கழுவிற சவுக்காரமும் விட்டு நல்லாக் குலுக்கிக் கழுவும். கழுவின தண்ணி தெளிவா, மணமில்லாமல் வரேக்கை நிப்பாட்டும்.

இன்னொண்டு. சிடி 200 தாங்கி சட்டத்துக்கு மேலை கவிண்டு ரெண்டு பக்கமும் தொங்கிற வகை. கொக் இருக்கிற பக்கத்திலை மட்டும்தான் வடியும். மற்றப் பக்கத்துப் பள்ளத்திலை தேங்கிற தண்ணி ஒருநாளும் வெளியிலை வராது. கறள் ஆகலும் மோசமாப் பிடிக்கிறதும் அங்கைதான். விரலை வைச்சு வெளியிலையிருந்து தட்டிப் பாரும், சத்தம் வித்தியாசமா இருந்தால் தகடு மெலிஞ்சு போச்சு.

வட்டக்கச்சிப் பொடியன்

நன்றி அண்ணை. தட்டிப் பாத்தன். கொக் இல்லாத பக்கம் அடியிலை ஒரு உள்ளங்கை அளவு இடம் மங்கின சத்தம்தான் வருது. பிசினை முதலிலை எடுக்கிறன். கறளுக்கு அப்ப என்ன பாவிக்கிறது?

நெடுங்கேணி ரீச்சர்

நான் இரசாயனம் படிப்பிக்கிறனான். வீட்டிலை இவரின்ரை எம்டி 90 தாங்கியை நாங்களே சுத்தம் செய்தது, அதாலை சொல்லுறன்.

கறள் எண்டது இரும்பின் ஒட்சைட்டும் ஐதரொட்சைட்டும் நீரும் சேர்ந்த ஒரு பொருள். இரும்பைவிடக் கூடின இடம் பிடிக்கும், நுண்துளை உள்ளது, அதாலை அடியிலை உள்ள இரும்பை அது காப்பாத்தாது. ஈரத்தைப் பிடிச்சு வைச்சு இன்னும் அரிக்க விடும். அலுமினியத்திலை ஒட்சைட்டுப் படை உலோகத்தைக் காக்கிற வேலை இஞ்சை நடக்காது. அதுதான் கறளை விட்டுவிட்டு ஓடினால் பெருகிக்கொண்டே போறது.

ஐதரோக்குளோரிக் அமிலம் கெதியாக் கரைக்கும், ஆனால் குளோரைட்டு அயன் இணைப்புகளுக்குள்ளையும் மடிப்புகளுக்குள்ளையும் தங்கிப்போகும். எவ்வளவு கழுவினாலும் அந்த மடிப்பிலை இருந்து திரும்பக் கறள் வெளிக்கிடும். மாங்குளத்து அண்ணை சொன்ன அடுத்தநாள் கதைக்குக் காரணம் இதுதான்.

வீட்டிலை செய்ய எனக்குப் பிடிச்சது சித்திரிக் அமிலம். தேசிக்காயிலை இருக்கிற அதே அமிலம், வெள்ளைத் தூளா வரும், கேக், சர்பத் சாமான் விக்கிற கடையளிலை கேளுங்கோ. லேசான கறளுக்கு லீற்றருக்கு 50 கிராம், பொடியன்ரை நிலைக்கு 100 கிராம். சுடுதண்ணியிலை கரைச்சு ஊத்தினால் வேகமா வேலை செய்யும். தாங்கியை விளிம்பு வரை நிரப்ப வேணும். பாதி விட்டு வைச்சால் நீர்மட்டக் கோட்டிலை அமிலமும் காற்றும் சேர்ந்து அரிச்சு ஒரு வரி விழும். வாயு வரும், அதாலை மூடியை இறுக்க வேண்டாம். ஒரு இரவு விட்டு விடியப் பாருங்கோ. கறள் மிச்சம் இருந்தால் புதுக் கரைசல். கறள் போனாப்பிறகும் ஊற விட்டால் அது இரும்பைத் தேடும், அதாலை மறந்துபோய் வாரக்கணக்கிலை விடக்கூடாது.

வினாகிரியும் இதே வேலைதான். ஆனால் கடை வினாகிரியிலை அசற்றிக் அமிலம் 5 வீதமளவிலைதான், நாள் கூட எடுக்கும். தேசிக்காய் பிழிஞ்சு ஊத்தினால் சதையும் சீனியும் உள்ளுக்குப் போகும், புளி கரைச்சாலும் அப்பிடித்தான். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது. தாங்கிக்கு வேண்டாம்.

பொசுபோரிக் அமிலம் கிடைச்சால் அதுவும் நல்லது. கறளைக் கரைக்கிறதோடை இரும்பிலை சாம்பல் நிறப் பொசுபேற்றுப் படை ஒண்டை விட்டுப் போகும், அது கொஞ்சக்காலம் காவல் நிக்கும். பெயின்ற் கடையளிலை கறள்மாற்றி எண்டு விக்கிற திரவங்கள் கனக்க இதை அடிப்படையா வைச்சதுதான்.

எதைச் செய்தாலும் கையுறை, கண்ணாடி போடுங்கோ. அமிலத்தைத் தண்ணியிலை ஊத்துறது, தண்ணியை அமிலத்திலை ஊத்துறதில்லை.

ரொறன்ரோ வன்னியன்

அசிட் ஒண்டுமே இல்லாமல் செய்யலாம். நான் இஞ்சை பழைய மோட்டார்ச் சைக்கிள் தாங்கியளுக்கு மின்பகுப்புத்தான் செய்யிறனான். தகட்டைத் தின்னாது, கறளை மட்டும்தான் கழட்டும். மெலிஞ்ச தாங்கிக்கு இதைவிட வேறை வழி இல்லை எண்டுதான் நான் சொல்லுவன்.

தேவை: 12 வோல்ற் பற்றரி சார்ஜர், சலவைச் சோடா, ஒரு துண்டு கொங்கிறீற் கம்பி. லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரைச்சுத் தாங்கியை நிரப்பும். கம்பியை வாய்வழியா விட்டு, தாங்கியிலை எங்கையும் முட்டாமல் றபர் தக்கையாலை பிடிச்சு நிறுத்தும். முட்டினால் சோட் ஆகும். சார்ஜரின்ரை நேர் வயர் கம்பிக்கு, மறை வயர் தாங்கிக்கு. மாத்திக் குடுத்தால் தாங்கிதான் கரையும், இதை எழுதி ஒட்டி வையும். கம்பியிலை கறள் சேரச்சேர எடுத்துச் சுரண்டிப்போட்டுத் திரும்ப விட வேணும்.

கம்பி எவர்சில்வரா இருக்கவே கூடாது. அதிலை இருக்கிற குறோமியம் நச்சுக் கரைசலாகும். தாங்கிப் பக்கம் ஐதரசன் வாயு வரும், ஆகலும் கெதியா நெருப்புப் பிடிக்கிறது. அதாலை வெட்டவெளியிலை வைக்கிறது, கிளிப் கழட்ட முன்னம் சுவிச்சை நிப்பாட்டுறது. கிளிப்பைப் பிடுங்கேக்கை வாற ஒரு பொறி போதும்.

இப்ப வாற எலக்ரோனிக் சார்ஜர் சிலது பற்றரியைக் காணாட்டி வேலை தொடங்காது. அதுக்கு ஒரு பற்றரியைச் சமாந்தரமாப் பூட்டினால் சரி. கம்பி நேராப் பாக்கிற இடம்தான் நல்லாச் சுத்தமாகும், கவிண்ட தாங்கிக்கு ரெண்டு பக்கமும் வளைச்சு விட வேணும்.

நெடுங்கேணி ரீச்சர்

தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஒண்டை மட்டும் அழுத்திச் சொல்ல வேணும். சலவைச் சோடா கிடைக்கேல்லை எண்டு கறியுப்பைப் போடுற ஆக்கள் இருக்கினம். போடவே கூடாது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலம் ஆனையிறவு உப்பை வைச்சுக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. அந்த வேலையின்ரை அடிப்படை உப்புக்கரைசலுக்குள்ளை மின்னைச் செலுத்துறதுதான். நீங்கள் தாங்கிக்குள்ளை உப்பைப் போட்டு மின் குடுத்தால் முத்தத்திலை நச்சுவாயு வரும்.

சலவைச் சோடா இல்லாட்டி அப்பச்சோடாவை ஒரு காய்ஞ்ச மண்சட்டியிலை போட்டு நல்லா வறுங்கோ. நீராவியும் காபனீரொட்சைட்டும் போய், மிஞ்சிறது சலவைச் சோடாதான். அலுமினியச் சட்டியிலை செய்யாதேங்கோ.

வட்டுவாகல் காத்து

எங்கடை பக்கம் கிணத்துத் தண்ணியே உவர். அப்ப அதாலை கரைசல் கலந்தாலும் பிழையோ ரீச்சர்? இஞ்சை 2009க்குப் பிறகு பத்தையளுக்குள்ளை கிடந்து எடுத்த சைக்கிள் சட்டங்கள், தாங்கிகள் இன்னும் சில வீட்டிலை இருக்கு. உப்புக்காத்திலை கிடந்ததுகள், தொட்டால் உதிருது. அதுகளிலை ஏதும் மீட்க ஏலுமோ?

நெடுங்கேணி ரீச்சர்

பிழைதான். உவர்த்தண்ணியிலை குளோரைட்டு இருக்கு. மின்பகுப்புக்கும் கூடாது, கடைசிக் கழுவலுக்கு அதைவிடக் கூடாது. மழைத்தண்ணி பிடிச்சு வையுங்கோ. உவர்க்காத்திலை கிடந்த தாங்கியைக் கறள் எடுக்க முன்னமே மழைத்தண்ணியிலை ரெண்டு மூண்டுதரம் ஊறப்போட்டு உப்பை வெளியேத்த வேணும்.

மாங்குளம் மெக்கானிக்

தொட்டால் உதிருறதை மீட்க ஏலாது. கறளை எடுத்தால் மிஞ்சிறதுக்கு ஒண்டும் இருக்காது.

உங்கடை பக்கத்துப் பொடியளுக்கு இன்னொண்டும் சொல்லுங்கோ. பத்தைக்குள்ளை கிடக்கிற பழைய இரும்பை இழுத்தெடுக்கப் போகாதேங்கோ. பழைய இரும்புக்கு ஆசைப்பட்டுக் கைகால் போன, உயிர் போன வீடுகள் வன்னியிலை எத்தினை. வெடிபொருள் எண்டு சந்தேகமான ஏதும் கண்டால் தொடாமல் 119க்கு அடியுங்கோ. ஒரு தாங்கிக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

சரி, குலுக்கிற விசயம். தடிச்ச கறள் படை இருந்தால் அசிட்டுக்கு முன்னம் ஒருக்கால் குலுக்கி உதிர்க்கிறது நல்லம். கல்லுப் போடாதேங்கோ, கல்லு உடைஞ்சு தூளாகி மடிப்புக்கை போயிருக்கும். நட்டுப் போட்டால் கடைசியிலை ஒண்டு உள்ளுக்கு மாட்டி அதை எடுக்கப் பின்னேரமாகும். மெல்லிய இரும்புச் சங்கிலி ஒரு முழம் விடுங்கோ, ஒரு நுனியைக் கம்பியிலை கட்டி வெளியிலை வைச்சால் இழுக்க முழுக்க வரும். கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுக் குலுக்கினால் தூள் பறக்காது. தாங்கியைப் பழைய மெத்தைத் துண்டிலை சுத்தி லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) சில்லிலை கட்டி, சில்லைத் தூக்கி வைச்சு மெதுவா ஓட விடுற ஆக்களும் இருக்கினம். பெயின்ற் முக்கியமெண்டால் அதைச் செய்யாதேங்கோ. தகடு மெலிஞ்ச தாங்கிக்குக் குலுக்கலே வேண்டாம். பொடியன், உமக்குத்தான் சொல்லுறன்.

கறள் போன கையோடை வாற முதல் அரை மணித்தியாலம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கிறது. அசிட்டிலையிருந்து வெளியிலை வந்த இரும்பு பச்சை இரும்பு. ஈரத்தோடை காத்துப் பட்டால் பாத்துக்கொண்டிருக்கவே மஞ்சளாகும். அதாலை எல்லாச் சாமானையும் முன்கூட்டியே அடுக்கி வைச்சுப்போட்டுத்தான் கரைசலை வடிக்க வேணும். வடிச்ச உடனை தண்ணி, உடனை அப்பச்சோடாத் தண்ணி விட்டுக் குலுக்கல், திரும்ப மழைத்தண்ணி, கடைசியா மெதிலேற்றட் ஸ்பிரிட் ஒரு போத்தல் விட்டு எல்லாப் பக்கமும் ஓட விட்டு வடிக்கிறது. ஸ்பிரிட் தண்ணியோடை கலந்து அதையும் இழுத்துக்கொண்டு வரும். பிறகு கொம்பிறசர் காத்து, வெயில். தலைமயிர் காய வைக்கிற மிசினை ஸ்பிரிட் மணம் இருக்கேக்கை பாவிக்காதேங்கோ, உள்ளுக்குச் சிவந்து எரியிற கம்பி இருக்கு.

காய்ஞ்ச உடனை ரூ-ஸ்ரோக் ஒயில் கொஞ்சம் பெற்றோலிலை கலந்து விட்டு உருட்டி, சுவர் முழுக்க ஒரு படை பிடிக்க விடுங்கோ. அண்டைக்கே பூட்டி ஓடுறதெண்டால் தாங்கியை நிரப்பி ஓடுங்கோ. கொக்குக்கும் காபிரேற்றருக்கும் நடுவிலை ஒரு கண்ணாடி பில்ரர் கட்டாயம், முதல் மாசம் அதிலை என்ன வருதெண்டு பாக்கலாம்.

ரொறன்ரோ வன்னியன்

இவ்வளவும் செய்தாப்பிறகு உள்ளுக்கு எபொக்சிப் பூச்சு ஒண்டு போட்டால் பிரச்சினை முடிஞ்சுது. இஞ்சை எல்லாரும் அதைத்தான் செய்யினம்.

மாங்குளம் மெக்கானிக்

தம்பி, இதிலை நான் உம்மோடை ஒத்துவர மாட்டன். பூச்சுப் பிழையெண்டு சொல்லேல்லை, பூசுற நிலைமைதான் கிடைக்காது. ஒரு பொட்டுக் கறளோ எண்ணெயோ ஈரமோ இல்லாமல் இருந்தால்தான் பிடிக்கும். பேணி விளக்கு வெளிச்சத்திலை பாத்துச் சுத்தம் எண்டு சொல்லுற தாங்கியிலை மடிப்புக்குள்ளை எண்ணெய் இருக்கும். பூச்சு அங்கையிருந்து எழும்பும், தோலாக் கழண்டு கொக்கிலை வந்து அடைக்கும். அதுக்குப் பிறகு அதை எடுக்கிறது கறள் எடுக்கிறதைவிடப் பத்து மடங்கு பாடு. பூச்சுக்கு அடியிலை கறள் வளர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒழுகாத தாங்கிக்குப் பூச்சு வேண்டாம். ஊசித்துளையள் கனக்க இருந்து வேறை வழியில்லாட்டி மட்டும் பூசலாம்.

ரொறன்ரோ வன்னியன்

அண்ணை, நிலைமை சரியா இருந்தால் வருசக்கணக்கா நிக்கும், நான் பாத்திருக்கிறன். ஆனால் எங்களிட்டை சூடான அறை, ஈரம் எடுக்கிற மிசின் எல்லாம் இருக்கு. மாரிக்குள்ளை வன்னியிலை பூசச் சொல்லி நானும் சொல்ல மாட்டன். பூசுறதெண்டால் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையிலை, காய்ஞ்ச நாளிலை.

இன்னொண்டும் கவனியுங்கோ. பழைய தாங்கியள் சிலதுக்குத் தகட்டிலை ஈயமும் வெள்ளீயமும் கலந்த முலாம் இருக்கும், சிலதுக்கு நாகமுலாம். முலாம் இருக்கிற இடம் மங்கின சாம்பல் நிறம், கறள் அங்கங்கை பொட்டுப் பொட்டாத்தான் இருக்கும். அப்பிடியெண்டால் கடும் அசிட் அந்த முலாமையும் கொண்டுபோகும். கறள் லேசெண்டால் ஒரு பில்ரரைப் போட்டு அப்பிடியே ஓடுறது நல்லம்.

முத்தையன்கட்டு வயல்காரன்

எல்லாரும் பெற்றோலைப் பற்றியே கதைக்கிறியள். எங்களுக்கு மெசி 135 உழவு மிசின்ரை டீசல் தாங்கி. டீசல் எண்ணெய்த்தன்மை, கறள் வராது எண்டு நினைச்சுத்தான் கன ஆக்கள் கவனிக்கிறேல்லை. தண்ணி டீசலைவிடப் பாரம், அடியிலை போய் நிக்கும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற அந்த மட்டத்திலை கிருமி வளரும். கறுப்புச் சளி கணக்கா பில்ரரிலை வந்து பிடிக்கிறது அதுதான். அது விடுற அமிலம் அடித்தகட்டைக் குழிகுழியா அரிக்கும். பெற்றோல் சைக்கிளிலை ஜெற் அடைச்சால் கழுவிப் பூட்டலாம். டீசலிலை கறள்தூள் பம்பிக்கும் இன்ஜெக்ரருக்கும் போனால் செலவு தாங்கேலாது.

2018 மார்கழியிலை இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து வெள்ளம் வந்த நேரம் கனபேரின்ரை உழவு மிசின்கள் தண்ணிக்கை நிண்டது. அப்பிடி நிண்டதுகளைத் தண்ணி வடிய ஸ்ராட் பண்ணிப் பாக்கிறதுதான் எல்லாரும் செய்யிறது. செய்யக்கூடாது. முதலிலை தாங்கியின்ரை அடி நட்டைக் கழட்டி முழுக்க வடிக்க வேணும், பில்ரர்க் கிண்ணத்தை வடிக்க வேணும், பைப்புகளை ஊத வேணும், புதுப் பில்ரர் போட்டு, பைப்புக்குள்ளை நிக்கிற காத்தை எடுத்தாப்பிறகுதான் சாவி.

வழமையான நாளிலை எங்கடை பழக்கம்: பின்னேரம் வேலை முடிஞ்சு வந்த உடனை தாங்கியை நிரப்பி விடுறது. இரவிலை குளிரேக்கை வெறும் தாங்கிக்குள்ளை இருக்கிற காத்தின்ரை ஈரம் சுவரிலை வேர்த்து அடியிலை இறங்கும். நிரம்பின தாங்கியிலை வேர்க்க இடமில்லை. விடிய ஸ்ராட் பண்ண முன்னம் கிண்ணத்தின்ரை அடித் திருகை ஒருக்காத் திறந்து தண்ணி வருதோ எண்டு பாக்கிறது.

முறிகண்டி ஐயா

பிள்ளையள், சண்டை நேரம் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்திலை இதெல்லாம் எங்கடை அன்றாட வேலை. 1990இலை இருந்து 2002 மட்டும் பெற்றோல் எண்டது மருந்துச் சாமான். சின்னப் போத்தலிலை வைச்சிருந்து சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானாப்பிறகு மண்ணெண்ணெயிலை ஓடினம். மண்ணெண்ணெய் பரலிலை வரும், பரல் எத்தினை கை மாறி வருமோ தெரியாது, தண்ணியும் கறளும் கட்டாயம் இருக்கும். வடிச்சு ஊத்தாத ஆள் தெருவிலை நிண்டதுதான்.

வடிக்கிறது எண்டால் சும்மா துணியிலை இல்லை. கானை ஒரு இரவு அசையாமல் வைக்கிறது, விடிய மேலாலை மெதுவா வாத்து எடுக்கிறது, அடியிலை நாலு விரல்க்கடையை விட்டுவிடுறது. புனலிலை கட்டுறது மான்தோல் கிடைச்சால் அது, இல்லாட்டி நெருக்கமான சீலை. அப்ப சைக்கிளை நிப்பாட்டேக்கை கொக்கைப் பூட்டுற பழக்கம் எல்லாரிட்டையும் இருந்தது. இப்ப கானிலை பெற்றோல் வாங்கி வைக்கிற ஆக்கள் அந்தக் கானை ஒருக்காலும் கழுவுறேல்லை. தாங்கிக்குக் கறள் வீட்டிலையிருந்தே போகுது.

வட்டக்கச்சிப் பொடியன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. பிசின் எடுத்து, பிறகு சித்திரிக் அமிலம் விட்டன். உள்ளுக்குச் சாம்பல் நிறமா நல்லாச் சுத்தமாகீட்டுது. ஆனால் மங்கின சத்தம் வந்த அந்த இடத்திலை ஊசித்துளை ரெண்டு தெரியுது, ஈரம் கசியுது. பக்கத்திலை வெல்டிங் அடிக்கிற அண்ணையிட்டைக் குடுத்து ஒட்டுவிக்கலாமோ?

மாங்குளம் மெக்கானிக்

நில்லும். குடுக்க முன்னம் இதை வாசியும்.

துளை முந்தியே இருந்தது, கறள்தான் அடைச்சுக்கொண்டு நிண்டது. அதிலை கவலைப்பட ஒண்டுமில்லை. ஆனால் பெற்றோல் தாங்கியிலை வெல்டிங் எண்டது உயிர் போற வேலை. நிரம்பின தாங்கியைவிட வெறும் தாங்கி பயங்கரம். காத்திலை பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 வீதத்துக்கும் 7.6 வீதத்துக்கும் இடையிலை இருந்தால் வெடிக்கும். ஒரு கரண்டி பெற்றோல் மடிப்புக்குள்ளை மிஞ்சியிருந்தாலே அந்த அளவு வந்துவிடும். மணம் இல்லையெண்டு நம்பக்கூடாது, சூடு பட்டால் பிசினிலையிருந்தும் ஆவி வரும்.

துளை சின்னனெண்டால் வெல்டிங்கே வேண்டாம். மெலிஞ்ச தகட்டிலை வெல்டிங் அடிச்சால் துளை பெருக்கும். ஈயம் வைச்சு ஒட்டலாம். ஒட்டுற இடத்தைச் சுரண்டி மினுக்கி, சூடாக்கின செம்பு ஒட்டுக்கோலாலை ஈயத்தை ஓட விடுறது, நெருப்பு நேரை படாது. அதுக்கும் தாங்கியைச் சுடுதண்ணிச் சவுக்காரத்திலை திரும்பக் கழுவி, ஒட்டுற இடம் மட்டும் வெளியிலை நிக்கிற அளவுக்குத் தண்ணி நிரப்பி வைக்க வேணும். உள்ளுக்கு ஆவி நிக்க இடமே குடுக்கக்கூடாது. ஒட்டினாப்பிறகு, ஈயம் பிடிக்கப் பூசுற ஒட்டுநீர் அசிட்டை நல்லாக் கழுவும், இல்லாட்டி அந்த இடத்திலேயே கறள் தொடங்கும்.

இரும்புப் பசை எண்டு விக்கிற ரெண்டு குழாய் எபொக்சியும் வெளியிலையிருந்து பூசலாம், பெற்றோலுக்கு நிக்கும் எண்டு உறையிலை எழுதியிருக்கிறதைப் பாத்து வாங்கும். தகடு மினுங்கிற மட்டும் சுரண்டிப் பூச வேணும்.

தெருவிலை ஒழுகத் தொடங்கினால் சலவைச் சவுக்காரக் கட்டியைத் துளையிலை தேய்ச்சு அழுத்தும், பெற்றோலிலை சவுக்காரம் கரையாது. வீடு மட்டும் வந்து சேரலாம். அதோடை ஒரு வருசம் ஓடக்கூடாது.

திருச்சி முகாம் தம்பி

நான் இப்ப திருச்சியில இருக்கேன், ஊரு மல்லாவி. இங்க பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்குறாங்க. அதனால தாங்கியில துரு கூடுதலா வருமா?

நெடுங்கேணி ரீச்சர்

எதனோல் காத்திலையிருந்து ஈரத்தை உறிஞ்சும். கொஞ்ச ஈரம் வரைக்கும் அது கரைச்சு வைச்சிருக்கிறதாலை ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை. கூடிப்போனால் எதனோலும் தண்ணியும் சேந்து பெற்றோலைவிட்டுப் பிரிஞ்சு அடியிலை ஒரு படையா இறங்கும், அந்தப் படை இரும்பை அரிக்கும். நிப்பாட்டி வைக்கிற வண்டிக்குத்தான் ஆபத்து. மாசக்கணக்கிலை நிப்பாட்டுறதெண்டால் முழுக்க வடிச்சு, காய விட்டு, எண்ணெய்ப் படை பிடிக்க விட்டு வையுங்கோ. பழைய வண்டியெண்டால் றபர்க் குழாயளையும் ஒருக்காப் பாருங்கோ, எதனோல் சில றபரை ஊத வைக்கும்.

மாங்குளம் மெக்கானிக்

திரும்ப வராமல் வைக்கிறதெப்பிடி எண்டு பொடியன் கேட்டது. வயல்காரனும் ஐயாவும் முக்கால்வாசி சொல்லிப்போட்டினம். நான் மூடியைப் பற்றி மட்டும் சொல்லுறன், ஆகலும் குறைவாக் கவனிக்கிறது அதுதான். மூடிக்குள்ளை இருக்கிற றபர் வாசர் வெடிச்சிருந்தால் மாரி மழையிலை நிக்கிற சைக்கிளுக்கு மேலாலை நேரை தண்ணி இறங்கும். மூடிக் கிண்ணத்திலை மழைத்தண்ணி வடியச் சின்ன ஓட்டை இருக்கிற வகையெண்டால் அதைக் கம்பியாலை குத்திச் சுத்தமா வையும். காத்துப் போற ஓட்டையை மட்டும் அடைக்காதேயும், அடைச்சால் பெற்றோல் இறங்காமல் எஞ்சின் நிக்கும், கறள் எண்டு நினைச்சுத் திரும்பத் தாங்கியைக் கழட்டுவீர்.

ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலை சைக்கிளை வெளியிலை விடுறதெண்டால் இருக்கைக்கு மேலாலை தாங்கிக்கும் சேத்துப் படங்கு போடும். ஆனால் படங்கு தாங்கியிலை ஒட்டிக்கொண்டு நிக்கக் கூடாது, கீழாலை காத்துப் போக வேணும். கொக்கின்ரை அடிக்கிண்ணத்தை மாரி முடிய ஒருக்காக் கழட்டிப் பாரும். சிவப்புத் தூள் கிடந்தால் கறள் திரும்பத் தொடங்கீட்டுது, அப்பவே பிடிச்சால் சித்திரிக் அமிலம் லேசா ஒருக்கால் விட்டாலே காணும்.

வட்டக்கச்சிப் பொடியன்

ஈயம் ஒட்டுற ஆள் ஒருவர் பரந்தன் பக்கம் இருக்கிறாராம், தண்ணி நிரப்பிக்கொண்டுபோய் அவரிட்டையே செய்விக்கிறன். கடைசியா ஒண்டு. பாவிச்ச அமிலக் கரைசலும் தின்னர் கலந்த பழைய பெற்றோலும் வாளியிலை இருக்கு. எங்கை ஊத்துறது? அம்மா கிணத்தடிப் பக்கம் வேண்டாம் எண்டு நிக்கிறா.

நெடுங்கேணி ரீச்சர்

அம்மா சொல்லுறது சரி. சித்திரிக் கரைசலுக்கு நுரை அடங்குமட்டும் அப்பச்சோடா போடுங்கோ, பிறகு கிணறு, வாய்க்கால் ரெண்டுக்கும் தூரமா, பயிர் இல்லாத மண்ணிலை தண்ணியோடை சேத்து ஊத்தலாம். தின்னரும் பெற்றோலும் மண்ணுக்கு வேண்டவே வேண்டாம், நிலத்தடித் தண்ணிக்குப் போனால் கிணத்துத் தண்ணி குடிக்கேலாமல் போகும். மூடியுள்ள இரும்புக் கானிலை விட்டு, மேலை என்னவெண்டு எழுதி, வெயில் படாத இடத்திலை வையுங்கோ. மாங்குளத்து அண்ணையின்ரை கராச்சிலை கழிவு ஒயில் சேர்க்கிற பரல் இருந்தால் அதோடை குடுக்கலாமோ எண்டு அவரிட்டைக் கேளுங்கோ.

மாங்குளம் மெக்கானிக்

ஒயில் பரலிலை கலக்க மாட்டன், பெற்றோல் கலந்தால் அந்தப் பரல் நெருப்புக்கு ஆபத்து. தனிக் கானிலை கொண்டு வாரும். இறுக்கின போல்ற் ஊற வைக்கிறதுக்கும் எஞ்சின் வெளிப்பக்கம் கழுவுறதுக்கும் எனக்குத் தேவைப்படும். வரேக்கை அந்தக் கொக்கையும் கொண்டு வாரும், உள்வாசர் மாத்தித் தாறன்.